ஆறுச்சாமி காட்டு நீலக்கல்

வீரபாண்டி,
18.11.2001

அன்புள்ள ஞானாம்பாள் அக்காவுக்கும் மாமாவுக்கும்,

தம்பி தங்கதுரையின் வணக்கம். இங்கே நானும் கோமளாவும் நன்றாக இருக்கிறோம். பிலாஸ்பூரில் குளிர் தொடங்கியிருக்கும். மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குளிரில் ரயில் இஞ்சின் ஓட்டும்போது காதுக்கு மப்ளர் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு எங்கள் சாயப்பட்டறை நீண்ட லீவு விட்டுவிட்டது. மதுரை, தேனிக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பனியன் கம்பெனி இரைச்சல் நின்றதும் எனக்கு ஊரே பிடிக்கவில்லை. டிவி பார்த்தேன், பலகாரம் தின்றேன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டேன். "ஏனுங்க, ஒரு நாளைக்குக் கைய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கோமளா சத்தம் போட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசிபாளையம் பக்கம் போய்விட்டேன். முந்தின நாள் அங்கே நல்ல மழை.

ஆறுச்சாமியண்ணனின் உழுத காட்டில் நீலக்கல் பொறுக்க அப்படி ஒரு கூட்டம் அக்கா. டைலர்கள், செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள், ஒரு வாத்தியார், ஈரோட்டிலிருந்து கார் வைத்துக்கொண்டு தூக்குப்போசியில் புளிச்சோறோடு வந்த ஒரு குடும்பம். ஊட்டிக்குப் போகிற செலவில்லாமல் லீவைக் கழிக்க வந்தவர்கள். எல்லோரும் வெயிலுக்கு எதிர்முகமாகத் தலையைக் குனிந்து நடக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. நமக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்த சட்டம் எதுவும் மாறவில்லை. கல் மின்னினால் உடனே குனியாதே, முதலில் காலை வைத்து மிதித்துக்கொள். எடுத்ததைக் காட்டுக்காரரிடம் காட்டிவிட்டு மடியில் கட்டு. அடுத்தவன் எடுத்த கல்லை மட்டும் குறை சொல்லிவிடாதே. சொன்னால் காடு கோபித்துக்கொண்டு கல்லையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருவர் வெறும் கூழாங்கல்லை நீட்டினார். "நல்ல கல்லுங்க" என்றார் ஆறுச்சாமியண்ணன். இன்னொருவர் உடைந்த ஓட்டுச்சில்லைக் காட்டினார். அதற்கும் "நல்ல கல்லுங்க"தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு எனக்கே ஒன்று கிடைத்தது. வெளிர்நீலம், கட்டைவிரல் நகம் அளவு. வியாபாரிகள் அக்வா என்று காசு கொடுத்து வாங்குவார்களே, அதுதான். அதோடு என் லீவு போயிற்று. வரப்பு வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடப்பேன், வரப்பு வந்ததும் வேலி வரைக்கும் என்று தோன்றும். தாகம்தான் தாங்கவில்லை. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து அவர்கள் வீட்டுக் குடத்தையும் காலி செய்தேன்.

மறுபடி போகப் போகிறேன். பதில் போடுங்கள்.

தங்கள் தம்பி,
தங்கதுரை


பிலாஸ்பூர்,
27.11.2001

அன்புத் தம்பி தங்கதுரைக்கும் கோமளாவுக்கும்,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் சுகம். உன் மாமாவின் முட்டி, குளிர் வந்தால் அழும், வெயில் வந்தால் சிரிக்கும். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கச் சட்டையில் கொட்டிவிட்டது. ஓட்டுச்சில்லுக்கும் நல்ல கல்லுங்களா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று நான் வைத்த ரசத்துக்கும் அதையேதான் சொன்னார்.

எனக்கும் கால் அரிக்கிறது, பொய் சொல்லுவானேன். இங்கே குவார்ட்டர்ஸ் முன்னால் தண்டவாளத்துக்குப் போடும் ஜல்லியைக் குவித்து வைத்திருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகும்போது என் கண் தானாக அந்தக் குவியலை மேய்கிறது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நான் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் சேர்ந்து தேடினாள். என்ன தொலைந்தது என்று கடைசி வரை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, கல்லை வியாபாரியிடம் காட்டினாயா? அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் கேட்கிறேன். அப்பா காரியம் முடிந்த மறுநாளே ஷேடு பார்க்கணும் என்று லேபுக்கு ஓடினவன் நீ. வெள்ளைக்காரன் அனுப்புகிற துண்டுத் துணியின் நிறத்தைச் சாயத்தில் அப்படியே கொண்டுவர, திருப்பூரில் உன்னை விட்டால் ஆளில்லை என்று நானே இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பட்டறையைப் பற்றி அது லீவு என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. என்ன விஷயம் கண்ணு?

தாகம் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது முதலில் தாகம்தான் வந்தது. ஒரு நடை போய் ரத்தம் சோதித்துக்கொள். கோமளா, அவனை நீதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அன்புடன்,
அக்கா


வீரபாண்டி,
9.12.2001

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். தாமதமாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். நாங்கள் சௌக்கியம். காலில் ஒரு முள் குத்திக் கொஞ்சம் புண்ணாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் ஒன்றும் இல்லை அக்கா. அமெரிக்காவில் அந்தக் கட்டடங்கள் விழுந்ததிலிருந்து எல்லோருக்கும் ஆர்டர் குறைவு. முதலாளி தரணீதரன் தங்கமான பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசத்துல நீங்க லீவே எடுத்ததில்லீங்களேண்ணா, கொஞ்ச நாள் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். சர்க்கரையெல்லாம் எனக்கு இல்லை. வெயிலில் நடந்தால் தாகம் எடுக்காதா?

காட்டுக்குத் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன். லீவுக் கூட்டம் கலைந்துவிட்டது. நானும் ஓரிரண்டு கிழவர்களும்தான். மழைச்சாரல் விழுந்த மறுநாள் மண் புதிதாகிவிடுகிறது. நேற்று நடந்த இடத்திலேயே இன்றைக்கு வேறு கல் தலையை நீட்டும். அதனால் இந்த இடம் பார்த்தாயிற்று என்று எந்த இடத்தையும் விடவே முடிவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் காட்டு நினைப்பு. காட்டில் இருந்தால் அடுத்த காட்டின் மேல் நினைப்பு. இதுவரை ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிட்டேன், எல்லாம் நீலம். வியாபாரிகளிடம் காட்டவில்லை. அவர்கள் திருட்டுப் பயல்கள், நல்லதையும் நொள்ளை என்பார்கள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இருப்பதிலேயே பெரிய கல் அது. உங்களுக்குத்தான். வந்ததும் நாங்கள் துணி பார்ப்பது போல மூன்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்: வெயிலில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை, குண்டு பல்பில் ஒரு தடவை. பார்த்ததும் நிறம் எப்படி என்று அன்றைக்கே எழுதிப் போடுங்கள். மாமாவிடமும் காட்டுங்கள். மறந்துவிடாதீர்கள் அக்கா. உங்கள் பதில் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

தம்பி,
தங்கதுரை


பிலாஸ்பூர்,
20.12.2001

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே நலம். உன் பார்சல் இன்று காலை பத்திரமாக வந்து சேர்ந்தது. பஞ்சைப் பிரித்துக் கல்லை எடுத்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நல்ல கல் தம்பி. என்ன அழகான நீலம்! நீ சொன்னபடி மூன்று வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்துவிட்டேன். பூஜை அறையில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். உன் மாமா வண்டியோடு ராய்ப்பூர் போயிருக்கிறார், வந்ததும் காட்டுகிறேன்.

உன் எழுத்து ஒவ்வொரு கடிதத்திலும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. நாற்பதை நெருங்கினால் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டியிருக்கும், இதில் வெட்கம் ஒன்றுமில்லை. கோயமுத்தூர் போய் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொண்டு வாயேன். கால் புண் ஆறிவிட்டதா?

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். அவசரமாக முடிக்கிறேன்.

அக்கா


வீரபாண்டி,
1.1.2002

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் சுகம். நான் ரொம்ப ரொம்ப சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று கோமளாவிடம் கேசரி கிண்டச் சொல்லிச் சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதில் தப்பில்லை. ஐப்பசியில் ஒரு லாட் தகராறு ஆகிவிட்டது. ஆகாய நீலம் கேட்ட வெளிநாட்டுப் பையருக்குப் பச்சைச் சாயல் அடித்த துணியை நான் பாஸ் செய்துவிட்டேன் என்று மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. லேபில் துணியை வைத்து நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் டியூப் பழையது, அதனால் வந்த வினை என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். யாரும் எதிர்த்தும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவர்கள் மரியாதையாகப் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரெஸ்ட் என்று முதலாளி சொன்னது அதற்கப்புறம்தான்.

நேற்று நேராகப் பட்டறைக்கே போனேன். டப்பாவில் இருந்து ஒரு கல்லை எடுத்து லைட் பாக்ஸில் வைத்தேன். "இது என்ன நிறமுங்க, சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். லேப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லுங்கண்ணா" என்றார். உடனே உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். எங்கள் அக்காவுக்கு இந்தப் பட்டறையோடு ஒரு சம்பந்தமும் இல்லை, அவர்களே நீலம் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்றேன். படித்துவிட்டு, "சரிங்கண்ணா, பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாமுங்க" என்றார்.

கண் டாக்டர், கண் டாக்டர் என்று கோமளா பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உங்கள் கடிதத்தைத்தான் படித்துக் காட்டினேன். அதோடு அவள் வாய் அடங்கிவிட்டது. டாக்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். என் கண் நன்றாக இருக்கிறது.

மாமா பார்த்தாரா? அவர் என்ன சொன்னார்?

தங்கள் தம்பி,
தங்கதுரை


பிலாஸ்பூர்,
11.1.2002

அன்புள்ள கோமளாவுக்கு,

நலமாக இருக்கிறாயா கண்ணு? வீட்டு விலாசத்துக்கு எழுதினால் அவன் பிரித்துவிடுவான் என்று நீ வேலை பார்க்கிற கம்பெனிக்கு எழுதுகிறேன்.

அந்தக் கல் பச்சை. சந்தேகத்துக்கே இடமில்லாத பச்சை, முருங்கை இலை மாதிரி. பஞ்சைப் பிரித்தபோது வேறு கல்லை மாற்றி வைத்துவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீலம், நீலம் என்று எழுதியிருந்தான். ஆசையாகப் பொறுக்கி எனக்கென்று அனுப்பியதை எப்படி நொள்ளை சொல்வது? நம் ஊரில் யாராவது சொல்வார்களா? ஒரு வார்த்தைதானே, சந்தோஷப்படட்டும் என்று நீலம் என்று எழுதிவிட்டேன். டாக்டரைப் பார்க்கச் சொல்லியும் சேர்த்து எழுதினால் போய்விடுவான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வந்ததும் கல்லைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "இதப் பார்த்து நீலம்னு சொல்ற ஆளை நாங்க இஞ்சின்ல ஏத்தவே மாட்டோம். சிக்னல் நிறம் தெரியணும்னு எங்களுக்கு அப்பப்பக் கண்ணு பாத்துட்டுத்தான் அனுப்புறாங்க. இது கண்ணாடி போட்டுச் சரியாகிற சமாச்சாரமில்ல, உன் தம்பிக்கு வேற என்னமோ இருக்குது" என்றார். நான் எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது அவன் என் கடிதத்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? ஒன்றும் மறைக்காமல் எழுது.

ஞானாம்பாள்


திருப்பூர்,
20.1.2002

மரியாதைக்குரிய ஞானாம்பாள் நங்கையா அவர்களுக்கு,

கோமளா எழுதிக்கொண்டது. உங்கள் வீட்டு அண்ணனின் மூட்டுவலி இப்போது தேவலையா? பொங்கல் எங்கள் வீட்டில் பேருக்குத்தான் நடந்தது.

எனக்கும் அந்தக் கல்லெல்லாம் பச்சையாகத்தாங்க தெரிகிறது. டப்பாவில் பாதி கல்கூட இல்லை, ஓடையில் உருண்டு மழுங்கிய சோடா பாட்டில் துண்டுகள். கார்த்திகையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீயும் அவங்க பக்கமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கல்லின் நிறத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. நிஜமாகவே நீலமாக இருக்கும் ஒன்றிரண்டு கல்லை இவர் பச்சை என்று தூக்கி எறிந்ததையும் பார்த்தேன். பொறுக்கி ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஆறுச்சாமியண்ணனைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "காட்டுக்குள்ள நின்னுட்டு எப்படியம்மணி சொல்றது?" என்றார். காட்டுக்கு வெளியில் வந்து சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார், வரவில்லை. முதலாளியிடமும் போனேன். "அண்ணன் மனசு நோகுமுங்கக்கா. அவருதான் எனக்குத் தொழிலே கத்துக்குடுத்தாரு" என்றார். எல்லோரும் நல்லவர்கள்தாங்க. அதனால்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கால் புண் ஆறவே இல்லை. தண்ணீர் குடித்தபடியே இருக்கிறார். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறார். காலையில் வெயில் ஏறுவதற்குள் காட்டில் இருக்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார். வீட்டில் இருந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறார்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் தானாகவே, "ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் போயி கண்ணக் காட்டலாமா?" என்று கேட்டாருங்க. நான் டாக்டரிடம் பெயர்கூடக் கொடுத்துவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. போக வேண்டாம் என்றுவிட்டார்.

உங்களைக் குறையாகச் சொல்லவில்லைங்க. நீங்கள் சொன்னால் மட்டும்தான் அவர் கேட்பார். அதனால் எழுதுகிறேன்.

கோமளா


பிலாஸ்பூர்,
29.1.2002

தம்பி தங்கதுரைக்கு,

இதை உட்கார்ந்து, நிதானமாகப் படி.

நீ அனுப்பிய கல் பச்சை. நான் உனக்குப் பொய் எழுதினேன். வெயிலில் பச்சை, டியூப் லைட்டில் பச்சை, குண்டு பல்பில் பச்சை. உன் மாமாவுக்கும் பச்சை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன், அவளும் பச்சை என்றாள்.

எப்போதும் போல ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். நீ அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

டியூப் லைட்டில் கோளாறு இல்லை கண்ணு. உன் கண்ணில்தான் இருக்கிறது. தாகம், ஆறாத புண் எல்லாம் சேர்ந்து அப்பாவுக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்கிறது என்று மாமா சொல்கிறார். இன்றைக்கே கிளம்பிப் போ. என்மேல் கோபமிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கோபித்துக்கொள். கோமளாவைக் கோபிக்காதே. நான் கேட்டதால்தான் அவள் எழுதினாள்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


பிலாஸ்பூர்,
4.3.2002

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? பதிலே இல்லை. உங்கள் எதிர்வீட்டு நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தேன். ஒரு தடவை கோமளா வந்தாள், "கோயமுத்தூர் போயிட்டு இருக்கறமுங்க, அவரே எழுதறேன்னு சொன்னாருங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

தபால்காரன் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவன் தூரத்திலேயே தலையாட்டிவிடுகிறான். திட்டியாவது இரண்டு வரி எழுது.

அக்கா


வீரபாண்டி,
25.3.2002

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். நான் சொல்லச் சொல்ல கோமளா எழுதுகிறாள். இன்னும் கொஞ்ச நாளைக்குப் படிக்க, எழுத வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேரத்துக்கு எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னது சரி. சர்க்கரைதான். கண்ணின் பின்பக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நிறம் மாறித் தெரிவது அதனால்தானாம். இடது கண்ணுக்கு லேசர் வைத்திருக்கிறார்கள், இருக்கிற பார்வை நிற்கும் என்கிறார்கள். போன நிறம் வராது. வலது கண்ணைப் பற்றி ஒன்றும் உறுதி சொல்லவில்லை. கால் புண் ஆறி வருகிறது. கேசரி, காப்பி எல்லாம் நிறுத்தியாயிற்று. முதலாளி நூல் குடோனில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கே எல்லாம் சாயம் ஏறாத வெள்ளை நூல்.

தைப்பூசத்தன்று சிவன்மலைத் தேருக்கு எல்லோரும் போய்விட்டார்கள். காட்டில் நான் மட்டும்தான். நடந்துகொண்டிருக்கும்போதே வலது கண்ணில் ஒரு கறுப்பு நூல் தொங்கியது. கையால் தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் நூல் முழுக்கப் பரவி அந்தப் பக்கம் இருட்டாகிவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. இடது கண்ணால் படித்தேன். இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க, ரத்தம் கசிவதற்கு முன்னால் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். லீவில் இருந்தேன் என்றேன்.

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. ஒரு விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுத வேண்டாம் என்று கோமளா இப்போதும் பேனாவை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த லாட் திரும்பி வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது அக்கா. வெளியே டியூப் லைட் என்று சத்தம் போட்டேனே தவிர, உள்ளே உதறல்தான். அதனால்தான் காட்டுக்குப் போனேன். கல்லை நிறம் பார்த்து எடுத்துவிட்டால் என் கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்று நினைத்தேன். ஒரு கல் எடுத்ததும் தைரியம் வரும், மடியில் கட்டும்போதே போய்விடும். உடனே இன்னொன்று எடுக்க வேண்டும். நான் அலைந்தது அதற்குத்தான், காசுக்கு இல்லை. காட்டில் எல்லோரும் நல்ல கல் என்றார்கள். சொல்லத்தானே செய்வார்கள்? கோமளா பச்சை என்றாள், எனக்கு நம்பப் பயமாக இருந்தது. சரி, அந்தக் காட்டில் நிற்காத ஆள், எனக்குப் பயப்படாத ஆள், சின்ன வயதிலிருந்து என்னை மூஞ்சிக்கு நேராகத் திட்டுகிற ஆள் ஒருத்தரிடம் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. அதனால் பரிசு மாதிரி அனுப்பினேன்.

அந்தக் கல்லை நான் உங்களுக்குக் கொடுப்பதற்கு அனுப்பவில்லை அக்கா. கேட்பதற்கு அனுப்பினேன்.

மே லீவில் வருவதாக மாமா போனில் சொன்னாராம். வாருங்கள். உங்களுக்கும் கால் அரிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, காட்டுக்கும் ஒரு நாள் போகலாம். நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீங்கள் நிறம் சொல்லுங்கள். பச்சையாக இருந்தால் பச்சை என்றே சொல்லுங்கள். காடு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தங்கள் தம்பி,
தங்கதுரை